போஞ்சிக்குப் பசி நைதரசனில் இல்லை

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது. நவம்பரில் அந்த முடிவைக் கைவிடும் வரை மலையகத்தில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். அதில் அடிக்கடி காதில் விழுந்தது இது: "அவரை இனமாப் பார்த்துப் போடுங்க, காத்திலேயே நைதரசன் இருக்கு, யூரியா எதுக்கு?" அவரை இனத்து மரமான கிளிரிசிடியாவின் கம்பை வெட்டி வேலியோரம் ஊன்றியவர்கள் நிறையப் பேர். யோசனை தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பாதிக் கதை. போஞ்சி, பயற்றங்காய், கௌப்பி, சிறகவரை எல்லாம் மலையக மண்ணில் உண்மையாகப் போராடுவது நைதரசனுக்காக அல்ல. பொசுபரசுக்காகவும், அமிலத்துக்கு எதிராகவும்தான்.

தெரிந்த பாதியை முதலில் பார்த்துவிடலாம். வளியில் 78 சதவீதம் நைதரசன். ஆனால் இரண்டு அணுக்கள் அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் எந்தச் செடியாலும் அதை நேரே எடுத்துக்கொள்ள முடியாது. பட்டாணி போன்ற செடிகள் வேரிலுள்ள முடிச்சுகளின் துணையோடு அதை எடுக்கின்றன என்று 1886இல் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் காட்டினார்கள். 1888இல் ஒல்லாந்தின் பெய்யரிங்க் அந்த முடிச்சுக்குள் இருந்த பக்டீரியாவைத் தனியே வளர்த்தெடுத்தார். ரைசோபியம் என்று நாம் பாடசாலையில் படித்தது அதைத்தான்.

மண்ணில் நைதரசன் குறையும்போது செடியின் வேர் ஃபிளேவனொயிட் என்ற பொருள்களைக் கசியவிடும். பக்கத்தில் இருக்கும் ரைசோபியம் அதை உணர்ந்து தன் பங்குக்கு ஒரு சமிக்ஞையை அனுப்பும். வேர்மயிர் அதைக் கேட்டுச் சுருண்டு, பக்டீரியாவை உள்ளே பிடித்துக்கொள்ளும். சில வாரங்களில் அந்த இடத்தில் ஒரு முடிச்சு.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம். போஞ்சி பூக்கத் தொடங்கும் சமயம் ஒரு செடியைத் தெரிவுசெய்து, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியைப் போட்டு மண்ணோடு தூக்குங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வாளித் தண்ணீரில் மெதுவாக அலசினால் பக்க வேர்களில் 2 முதல் 5 மில்லிமீற்றர் அளவில் உருண்டைகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. அந்தச் சிவப்பு நம் இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம். நைதரசனை உடைக்கும் நொதியம் ஒட்சிசன் பட்டால் கெட்டுப்போகும். பக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஒட்சிசன் வேண்டும். இரண்டையும் சமாளிக்க அந்தப் புரதம் ஒட்சிசனை அளந்து அளந்து கொடுக்கிறது. உள்ளே வெள்ளையாக இருந்தால் வேலை இன்னும் தொடங்கவில்லை, அல்லது வந்து குடியேறியது உதவாத இனம். பச்சையோ பழுப்போ என்றால் முடிச்சின் காலம் முடிந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. மலையக மரக்கறித் தோட்டங்களில் வேர்முடிச்சு நூற்புழுவும் இருக்கிறது. அது உண்டாக்கும் வீக்கத்தையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரைசோபிய முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், விரலால் தட்டினால் உதிரும். நூற்புழு வந்தால் வேரே வீங்கியிருக்கும், உதிராது.

சரி, இந்த உதவி செடிக்கு இலவசமாகக் கிடைக்கிறதா? இல்லை. ஒரு நைதரசன் மூலக்கூறை உடைக்க, கலங்கள் சக்திக்காகச் செலவிடும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறில் குறைந்தது 16 செலவாகும். அந்தச் சக்தி முழுவதும் இலை உண்டாக்கிய சர்க்கரையிலிருந்து வரவேண்டும். அதனால் செடி கணக்குப் பார்க்கும். 2003இல் சோயாச் செடியில் ஒரு பரிசோதனை செய்தார்கள்: முடிச்சைச் சுற்றி நைதரசனே இல்லாத வளியை வைத்தார்கள். பக்டீரியா வேலை செய்யத் தயாராக இருந்தாலும் செய்ய வழியில்லை. செடி அந்த முடிச்சுக்குப் போகும் ஒட்சிசனைக் குறைத்துவிட்டது, உள்ளே பக்டீரியா பெருகுவதும் குறைந்தது. கொழுந்து கணக்குக்கு வராவிட்டால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுவது தோட்டத்தில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை போலிருக்கிறது.

இதே கணக்கின் மறுபக்கம், மண்ணில் நைத்திரேற்று (யூரியா மண்ணில் மாறும் வடிவம்) தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சே போடாது, போட்டதையும் பட்டினி போடும். விதை போட்ட கையோடு யூரியாவையும் தாராளமாகத் தூவிய பாத்தியில் தோண்டிப் பார்த்தால் வேர் மொட்டையாக இருப்பதன் காரணம் இதுதான். அதுவும் போஞ்சி, தன் குடும்பத்துக்குள்ளேயே நைதரசன் பிடிப்பதில் சோம்பேறி. கௌப்பிக்கு வெப்பமண்டல மண்ணில் கிடைக்கும் பல இன பக்டீரியாக்களோடு ஒத்துப்போகும். போஞ்சி அந்த அளவுக்குக் கைகொடுக்காது. போஞ்சிக்குப் பிறகு மண் தானாக வளமாகிவிடும் என்று நம்பி அடுத்த பயிருக்கு உரத்தைக் குறைப்பவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இனி மண்ணுக்கு வருவோம். நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் என்று ஈரப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் செம்மஞ்சள் பொட்சோலிக் மண். காலங்காலமாகப் பெய்த மழை கல்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியவற்றில் முக்கியமானவை இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட காலத்திலிருந்து 150 ஆண்டுக்கு மேலாக இந்தச் சரிவுகளில் ஒரே பயிர். அதற்கு வருடாவருடம் போட்ட அமோனியம் சல்பேற்றும் யூரியாவும் அமிலத்தை இன்னும் கூட்டின. தேயிலைக்கு அதில் பெரிய வருத்தமில்லை. பி.எச். (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4.5 முதல் 5.5 வரை அதற்குச் சுகமான இடம். பயிராக வளர்க்கும் அவரை இனங்களில் பெரும்பாலானவை 6ஐ ஒட்டிய மண்ணை விரும்புகின்றன. தேயிலை மலைக்குப் பக்கத்தில் லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தைக் கொத்தி போஞ்சி போடுபவர், தேயிலைக்கு என்றே பழகிய மண்ணில் அதை வளர்க்கப் பார்க்கிறார்.

இந்த மண்ணில் பொசுபரசு இல்லாமல் இல்லை. இருக்கிறது, ஆனால் இரும்பும் அலுமினியமும் அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. நைத்திரேற்று தண்ணீரோடு கரைந்து வேரை நோக்கி வரும். பொசுபேற்று கிட்டத்தட்ட அசையாது. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தூரத்தில் இருப்பதை உறிஞ்சி முடித்தால் அப்புறம் அந்த வட்டத்துக்குள் ஒன்றும் கிடையாது. வேர் நகர்ந்து போனால்தான் உண்டு.

செடி முதலில் தன் வீட்டுக்குள்ளே சிக்கனம் செய்யும். முதிர்ந்த இலைகளில் இருக்கும் பொசுபரசைத் திரும்ப எடுத்துத் தளிருக்கு அனுப்பும். கலச் சவ்வுகளில் பொசுபரசு உள்ள கொழுப்புக்குப் பதிலாகச் சர்க்கரையும் கந்தகமும் உள்ள கொழுப்பை வைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் செடி குட்டையாக, இலை சிறுத்து, நிறம் மட்டும் கரும்பச்சையாக இருக்கும். இந்தக் கரும்பச்சையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மஞ்சளாக இல்லையே, அப்படியென்றால் ஆரோக்கியம்தானே என்று.

அப்புறம் வேர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜொனதன் லிஞ்ச் என்பவரின் குழு போஞ்சி இனத்தை வைத்தே பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தது. அவர்கள் கண்டது: பொசுபரசு குறைந்தால் சில போஞ்சி வகைகள் தங்கள் பக்க வேர்களை ஆழத்துக்கு அனுப்பாமல் மேலாகவே படரவிடுகின்றன. காரணம் எளிது. இலை விழுந்து மக்கும் மேல்மண்ணில்தான் பொசுபரசு அதிகம். கூடவே வேர்மயிர் நீளும், அடர்த்தியாகும். வேருக்குள்ளேயே சில கலங்கள் செத்து வெற்றுக் காற்றறைகளாகும். அப்படிச் செய்தால் அதே நீள வேரைக் குறைந்த செலவில் வைத்திருக்கலாம்.

இதை மலைச்சரிவில் வைத்துப் பாருங்கள். செடி பந்தயம் கட்டுவது மேல்மண்ணின் மீது. நம் மழை முதலில் அடித்துக்கொண்டு போவதும் அதே மேல்மண்ணைத்தான். கல் வரம்பு, கான் இரண்டையும் கவனிக்காமல் விட்ட சரிவில் எவ்வளவு கெட்டிக்காரச் செடியை நட்டாலும் அது தேடும் பொருள் அங்கே இருக்காது. கீழே ஆற்றில், நீர்த்தேக்கத்தில் இருக்கும். ஊவாப் பக்கம் வேறொரு சிக்கல். பண்டாரவளை, வெலிமடை போன்ற இடங்களில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காய்ந்த காற்று வீசி மேல்மண் உலர்ந்துவிடும். தேயிலையின் மணத்துக்குப் பேர்போன அதே காற்று. மேலாக வேர் விட்ட செடி அப்போது முதலில் வாடும். ஆழமாக வேர் விட்டதற்குத் தண்ணீர் கிடைக்கும், பொசுபரசு கிடைக்காது. இரண்டையும் சேர்த்து ஒரு செடியால் வெல்ல முடிவது அபூர்வம். விதை வாங்கும்போது ஹட்டனில் நன்றாகக் காய்த்த வகை வெலிமடையிலும் அப்படியே காய்க்கும் என்று எதிர்பார்க்காமல் இருப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

வேர் எட்டாத இடத்துக்கு வேறொருவரை அனுப்பும் வழியும் செடிக்குத் தெரியும். மைக்கொரைசா என்ற பூஞ்சை வேருக்குள் நுழைந்து, அங்கிருந்து வெளியே பல சென்ரிமீற்றர் தூரத்துக்கு இழைகளை நீட்டும். வேர்மயிரை விடப் பல மடங்கு மெல்லிய இழை. மண் துகள்களின் இடுக்கில் புகுந்து பொசுபேற்றை எடுத்து வந்து கொடுத்துச் சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொள்ளும். 40 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பழைய கூட்டு இது, அவரை இனம் தோன்றுவதற்கு வெகு முன்பே இருந்தது. ரைசோபியத்துக்குக் கதவு திறக்கச் செடி பயன்படுத்தும் மரபணுக்களில் பல இந்தப் பூஞ்சைக்காக முன்பே இருந்தவை. எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் பிடித்த பகுதி இதுதான். நைதரசனுக்கான ஏற்பாடே பொசுபரசுக்கான ஏற்பாட்டின் மேல் கட்டிய மாடி. மண்ணை முள்ளுப் போட்டு அடிக்கடி புரட்டினால் இந்த இழைகள் அறுந்துபோகும். பொசுபரசு உரத்தை அளவுக்கு மீறிப் போட்டாலோ செடியே பூஞ்சையை உள்ளே விடாது.

நான்காவது வழி, கரைத்து எடுப்பது. வேர் நுனியிலிருந்து செடி சேதன அமிலங்களைக் கசியவிடும். போஞ்சி விடுவதில் முக்கியமானது சிட்ரிக் அமிலம், தேசிக்காயில் இருக்கும் அதேதான். அது இரும்பையும் அலுமினியத்தையும் பிடித்துக்கொள்ள, அவற்றோடு ஒட்டியிருந்த பொசுபேற்று விடுபடும். துவரை இதில் ஒரு படி மேல். ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் இக்ரிசாற் என்ற பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்து 1990இல் வெளியான ஆய்வில், துவரை வேர் பிசிடிக் அமிலம் என்ற ஒன்றை விட்டு, இரும்போடு கட்டுண்ட பொசுபரசையே எடுத்துக்கொள்கிறது என்று கண்டார்கள். மற்றப் பயிர்களுக்கு எட்டாத பொருள் அது. நம் செம்மண்ணில் இரும்புக்கா பஞ்சம்? நடுநாட்டுப் பக்கம் வேலியோரம் நாலு துவரை நிற்பது பருப்புக்கு மட்டும் உதவுவதில்லை. அதன் உதிர்ந்த இலை மக்கும்போது அந்தப் பொசுபரசு மேல்மண்ணுக்கு வருகிறது.

லூபின் என்ற அவரை இனம் குச்சி குச்சியாக நெருங்கிய கொத்துவேர் விட்டு, ஒரே இடத்தில் அமிலத்தைக் கொட்டிக் கரைக்கும். நம் ஊரில் லூபின் பயிர் இல்லை. ஆனால் கொத்துவேரைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் தேயிலை மலையில் நிற்கும் கிரவில்லியாவின், அதாவது மலையகத்தில் சவுக்கு என்று சொல்லும் மரத்தின் அடியில் சருகை விலக்கிப் பார்க்கலாம். அது அவரைக் குடும்பம் இல்லை, அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பம். அங்கேயும் பொசுபரசு வறண்ட மண், அதனால் அதே தந்திரம்.

சிட்ரிக் அமிலத்துக்கு இரண்டாவது வேலையும் உண்டு. பி.எச். 5க்குக் கீழே இறங்கினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியை நச்சுப்படுத்தும். வேர் கட்டையாகி, தடித்து, பக்கக் கிளை விடாமல் நின்றுவிடும். அமிலத்தைக் கசியவிடும் வகைகள் அந்த அலுமினியத்தை வேருக்கு வெளியிலேயே கட்டிப்போடுகின்றன. ஆனால் ரைசோபியத்துக்கு அந்தக் கவசம் கிடையாது. அமில மண்ணில் அதில் பல இனங்கள் தாக்குப்பிடிப்பதில்லை. வேர்மயிர் வழியாக உள்ளே நுழையும் கட்டத்தில் கல்சியம் வேண்டும், அதுவும் குறைவு. நைதரசனை உடைக்கும் நொதியத்துக்கு மொலிப்டினம் வேண்டும். இரும்பு, மங்கனீசு எல்லாம் அமில மண்ணில் தாராளமாகக் கிடைக்கும்போது மொலிப்டினம் மட்டும் எதிர்த்திசையில், அமிலம் ஏற ஏறப் பூட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் தாங்கி வளரும் அவரை இனமும் நம் காலடியிலேயே உண்டு. தேயிலை மலையின் பாதையோரத்தில் கிடக்கும் தொட்டாற்சுருங்கி அவரைக் குடும்பம்தான். அதன் வேரைத் தோண்டினால் முடிச்சு இருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் நாம் படித்த ரைசோபியம் இல்லை, தூரத்து உறவான வேறு பக்டீரியாக் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கும் முடிச்சுப் போடத் தெரியும் என்பது 2001இல்தான் தெரியவந்தது. அதில் சில அமில மண்ணுக்கு நன்றாகப் பழகியவை. இன்னொரு உதாரணம் அவ்வளவு சந்தோஷமானதில்லை. ஹோட்டன் சமவெளியில் மஞ்சள் பூவோடு அடர்ந்து நிற்கும் முட்புதர், ஐரோப்பாவிலிருந்து வந்த யூலெக்ஸ். ஏழை மண், குளிர், அமிலம் எதற்கும் அஞ்சாத அவரை இனம். நைதரசனைத் தானே பிடித்துக்கொள்வதால் அந்த மண்ணில் போட்டிக்கு ஆளில்லை. இப்போது அதைப் பிடுங்கி அழிக்கத்தான் ஆள் போட வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் வந்து கூடும் முடிச்சு ஒன்று இருக்கிறது, வேரில் இருக்கும் முடிச்சுதான். நைதரசனை உடைக்கச் செலவாகும் ஏ.டி.பி.யில் பொசுபரசு இருக்கிறது. பெருகும் பக்டீரியாவுக்கும் அது வேண்டும். செடி பொசுபரசுக்குத் தவிக்கும்போது முடிச்சின் எண்ணிக்கையைக் குறைத்து, இருக்கும் சிலவற்றுக்கு மட்டும் கொடுக்கும். முடிச்சு குறைந்தால் நைதரசன் குறையும், இலை மஞ்சளாகும். மஞ்சளைப் பார்த்தவுடன் கை யூரியாவைத் தேடும். யூரியா போட்டால் இலை பச்சையாகும், மிச்சமிருந்த முடிச்சும் வேலையை நிறுத்தும், மண்ணில் அமிலம் இன்னும் கொஞ்சம் ஏறும், பொசுபரசு இன்னும் இறுகும். அடுத்த போகத்தில் இன்னொரு பிடி கூடுதலாகப் போடவேண்டும். லயத்துப் பின்னால் இருக்கும் துண்டு நிலங்களில் வருடக்கணக்காக நடப்பது பெரும்பாலும் இதுதான் என்பது என் கணிப்பு.

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு, கோவா, கரட் என்று வருடம் முழுக்கப் பயிர் செய்யும் தோட்டங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஆண்டாண்டாகப் போட்ட கலவை உரமும் கோழி எருவும் சேர்ந்து பல நிலங்களில் பொசுபரசு தேவைக்கு மேல் தேங்கிக் கிடக்கிறது. அந்த மண்ணில் போஞ்சி மேலே சொன்ன எந்தத் தந்திரத்தையும் செய்யாது. பூஞ்சையும் வேண்டாம், அமிலமும் வேண்டாம், அதே உரத்தில் நைதரசனும் இருப்பதால் முடிச்சும் வேண்டாம். அங்கே இன்னும் பொசுபரசு போடுவது காசை வாய்க்காலில் விடுவது. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் மண்ணைப் பரிசோதிப்பது நல்லது. பி.எச்., கிடைக்கக்கூடிய பொசுபரசு என்ற இரண்டு எண்கள் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

கிளிரிசிடியா பற்றியும் ஒரு வார்த்தை. அதன் இலையையும், தேயிலைக்கு நிழலாக நிற்கும் டடப்பின் இலையையும் வெட்டிப் போட்டால் நைதரசன் கிடைக்கும், சந்தேகமில்லை. கிளையை வெட்டும்போது வேரில் பல முடிச்சுகள் உதிர்ந்து அவையும் மண்ணில் சேரும். ஆனால் இலையில் பொசுபரசு மிகக் குறைவு. இருப்பதும் அதே நிலத்திலிருந்து எடுத்ததுதான். காற்றிலிருந்து பொசுபரசு வராது. கெப்பெட்டிப்பொல, தம்புள்ளைச் சந்தைகளுக்கு ஏறும் ஒவ்வொரு போஞ்சி மூட்டையோடும் கொஞ்சம் பொசுபரசு மலையை விட்டு இறங்குகிறது. அதற்கு ஈடாக வெளியிலிருந்து ஏதாவது வந்தே ஆகவேண்டும்.

அமில நிலத்துக்கு உள்ளூரிலேயே ஒரு பொருள் இருக்கிறது, அநுராதபுர மாவட்டத்து எப்பாவலப் பாறைப் பொசுபேற்று. சாதாரண மண்ணில் அது எளிதில் கரையாது என்பதுதான் அதன் மீதான குறை. தேயிலை மண்ணின் அமிலம் அதை மெல்ல மெல்லக் கரைக்கும். நைதரசன் பிடிக்கும் அவரை வேரும் தன்னைச் சுற்றி அமிலத்தைக் கூட்டுவதால் இன்னும் கொஞ்சம் கரைக்கும். இன்னொரு பக்கம், போஞ்சிக்கும் ரைசோபியத்துக்கும் அமிலம் குறைய வேண்டும், அதற்கு டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் போடவேண்டும். அதில் கல்சியமும் மக்னீசியமும் கூடவே கிடைக்கும், பூட்டிய மொலிப்டினமும் திறக்கும். ஆனால் டொலமைட் அமிலத்தைக் குறைத்தால் பாறைப் பொசுபேற்று கரைவது நின்றுவிடும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே பாத்தியில் கொட்டினால் ஒன்று மற்றதை முடக்கும். பாறைப் பொசுபேற்றைக் கூட்டெருவோடு கலந்து சில மாதங்கள் முந்திப் போட்டு, டொலமைட்டை அதற்குப் பிறகு, விதைக்கும் காலத்தை ஒட்டி, பி.எச். எண்ணைப் பார்த்துப் போடுவதே ஒத்துவரும். பக்கத்தில் தேயிலை இருந்தால் டொலமைட் பாத்தியோடு நிற்கட்டும். தேயிலைக்கு டொலமைட் போடுவது கவ்வாத்துக் காலத்தை ஒட்டி நடக்கும் வேறு வேலை, அதன் அளவும் வேறு.